மூன்று நாள் மீகடத்தி

எங்கள் இயற்பியல் துறைக்குப் புது எந்திரம் ஒன்று வந்திருக்கிறது. உலோகத் துண்டை உள்ளே வைத்து, கதவைச் சாத்தி, பொத்தானை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போகலாமாம். திரும்பி வருவதற்குள் அதுவே குளிர்ந்து, அதுவே அளந்து, அதுவே படமும் வரைந்து வைத்துவிடுமாம். போன மாதம் கூப்பிட்டுக் காட்டினார்கள். ஆள் உயரத்துக்கு மூலையில் நின்று புஸ் புஸ்ஸென்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. ஆராய்ச்சி மாணவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு, "அண்ணே, உங்க காலத்துல இதெல்லாம் எப்படிண்ணே செஞ்சீங்க? எழுதிக் குடுங்க, துறை மலர்ல போடுவோம்" என்றார்கள். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் 'உங்க காலம்' ஆகிவிட்டது.

நான் விஞ்ஞானி இல்லை. ஐ.டி.ஐ. படித்துவிட்டு, சிம்மக்கல்லில் ஒரு ரேடியோ பழுது பார்க்கும் கடையில் பத்து வருஷம் பற்றவைப்புக் கோலைப் பிடித்தவன். கடைக்கு வந்த பேராசிரியர் ஒருவர் நான் ஈயம் வைக்கிற அழகைப் பார்த்துவிட்டு, "எங்க லேபுக்கு ஆள் எடுக்குறாங்க, மனு போடுய்யா" என்றார். போட்டேன், கிடைத்தது. என் கைக்குக் கிடைத்த வேலை அது. அந்தக் கையைப் பற்றி எனக்கு அப்போதே கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சொல்லப்போகிற கதைக்கே அந்தத் தலைக்கனம்தான் காரணம்.

அந்தப் பேராசிரியர் சபாபதி சார். அவர் தேடிக்கொண்டிருந்தது ஒரு விசித்திரமான உலோக வகை. சீரியம் என்ற தனிமத்தைச் செம்போடும் வேறு சிலதோடும் உருக்கிச் சேர்த்தால் வருவது. அதில் ஒவ்வொரு சீரிய அணுவும் ஒரு குட்டிக் காந்தம். நன்றாகக் குளிரவைத்தால், மின்சாரத்தைச் சுமந்து ஓடும் எலெக்ட்ரான்கள் அந்தக் காந்தங்களோடு சிக்கிக்கொண்டு, எடை நூறு மடங்கு கூடியதுபோல் தவழ ஆரம்பித்துவிடும். "அது எப்படி சார் எலெக்ட்ரானுக்குத் திடீர்னு எடை கூடும்?" என்று சேர்ந்த புதிதில் கேட்டேன்.

"முருகேசு, வெளியூர்க்காரன் சிம்மக்கல் பஜாரை எம்புட்டு நேரத்துல தாண்டுவான்?"

"அஞ்சு நிமிஷம் சார்."

"நீ போனா?"

யோசித்துப் பார்த்தேன். வெங்காயக் கடை அண்ணாச்சி கையைப் பிடிப்பார். வாழைக்காய் மண்டிக்காரர், "என்ன மாப்ள, ஆளையே காணோம்" என்பார். ஆட்டோ ஸ்டாண்டில் நாலு பேர் நிறுத்துவார்கள். "ஒரு மணி நேரம் ஆகும் சார்."

"அம்புட்டுத்தான். உன் எடை கூடலை. தெரிஞ்சவங்க புடிச்சு இழுக்குறாங்க."

இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் பிறகு விளக்கியதில்லை. இப்படிப் பிடித்து இழுப்பதற்குப் பெரும்பாலும் ஒரே முடிவுதான். குளிர் ஏற ஏறக் குட்டிக் காந்தங்கள் ஒழுங்காக வரிசை கட்டி நின்றுவிடும். ஆனால் அபூர்வமாகச் சில உலோகங்களில், அந்தக் கனத்த எலெக்ட்ரான்கள் இரண்டிரண்டாகக் கைகோத்துக்கொண்டு எந்தத் தடையும் இல்லாமல் ஓடத் தொடங்கும். அதுதான் மீகடத்தல். சாதாரணமாகக் காந்தத்துக்கும் மீகடத்தலுக்கும் ஆகவே ஆகாது. இந்த உலோகங்களில் மட்டும் இரண்டும் ஒரே வீட்டில் குடியிருக்கும். அப்படி ஒன்றைத் தன் கையால் செய்து பார்த்துவிட வேண்டும் என்பதுதான் சாரின் ஆசை. முப்பது வருஷமாக உலோகம் உலோகமாக உருக்கினார். எல்லாமே சமர்த்தாக வரிசை கட்டி நின்றன, ஒன்றுகூட ஓடவில்லை.

என் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். மூன்று மில்லிமீட்டர் நீளத்துக்கு வெட்டிய உலோகத் துண்டைச் செம்புத் தட்டில் ஒட்ட வேண்டும். தட்டும் துண்டும் நேரடியாகத் தொட்டால் மின்சாரம் தட்டு வழியே ஓடிவிடும். அதனால் இடையில் மிக மெல்லிய தாள் ஒன்று வேண்டும். உலகம் முழுக்க இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அதற்குப் பயன்படுத்துவது சிகரெட் சுற்றுகிற தாள். நானோ பீடியைக்கூடத் தொட்டவன் இல்லை. திருநகரில் எங்கள் தெருமுனைப் பெட்டிக் கடையில் போய், "சிகரெட் சுத்துற பேப்பர் மட்டும் தனியாக் குடுங்க" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அண்ணே, இந்த வயசுலயா?" என்றார். நான் வீட்டுக்கு வருவதற்குள் சேதி வந்துவிட்டது. "உள்ள என்ன வச்சுச் சுத்தப்போறீங்க?" என்று என் மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். சீரியம் என்று நான் சொன்ன பதில் நிலைமையை மோசமாக்கியது.

தாள் ஒட்டிய பிறகு நாலு தங்கக் கம்பிகள். தலைமுடியைவிட மெல்லியவை. ஓரத்துக் கம்பிகள் இரண்டும் மின்சாரம் அனுப்ப, நடுவிலுள்ள இரண்டும் மின்னழுத்தம் அளக்க. ஒவ்வொன்றையும் துளி வெள்ளிப் பசை வைத்து ஒட்ட வேண்டும். பல்குத்தும் குச்சியைப் பிளேடால் ஊசி முனையாகச் சீவிக்கொண்டு, உருப்பெருக்கியில் கண்ணை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு தொட வேண்டும். தும்மினால் போச்சு. பசை காய ஒரு முழு ராத்திரி வேண்டும். மறுநாள் துண்டை நீளமான கம்பின் நுனியில் பொருத்தி, குளிர்கலத்துக்குள் இறக்கி, முதலில் திரவ நைட்ரஜன், பிறகு திரவ ஹீலியம். ஹீலியம் வெளியூரிலிருந்து வேனில் வரும். அசையாமல் கொள்ளாமல், தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைக் கூட்டி வருவதுபோல் கூட்டி வர வேண்டும். வந்து சேர்ந்த அன்றைக்கே ஊற்றி, அன்றைக்கே அளந்துவிட வேண்டும். வைத்திருந்தால் ஆவியாகிப் போய்விடும்.

இதற்கெல்லாம் மேலே சாரின் நோட்டு ஒன்று இருந்தது. நீள நோட்டு. அட்டையில் 'தொட்டவர் நோட்டு' என்று அவர் கையாலேயே எழுதியிருப்பார். அறையில் யார் எதைத் தொட்டாலும் அதில் எழுத வேண்டும். மணி, தொட்ட பொருள், தொட்ட காரணம், கையெழுத்து. பெருக்க வரும் பாண்டியம்மாள்கூட, 'முக்காலியை நகத்தினேன், திரும்ப வச்சிட்டேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். சார் தினமும் காலையில் பேப்பர் படிப்பதுபோல் அதைத்தான் முதலில் படிப்பார். யாரையும் திட்ட மாட்டார். சந்தேகம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்துக்கொண்டே "அப்படியா?" என்பார். அந்த அப்படியாவுக்கு, செய்த வேலையை முதலிலிருந்து திரும்பச் செய் என்று அர்த்தம். நிஜமாகவே ஆச்சரியப்பட்டுச் சொல்லும் அப்படியா ஒன்று அவரிடம் இருப்பதாகக் கேள்விதான். நான் கேட்டதில்லை.

தனலட்சுமி சாரின் கடைசி ஆராய்ச்சி மாணவி. நாங்கள் தனம் என்போம். சமயநல்லூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம். ஆறாவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வேட்டைக் கொடுக்கக் கடைசியாக வாங்கிய கால நீட்டிப்பு, அதற்கு மேல் கிடையாது. சாருக்கும் ஓய்வுக்கு ஐந்து மாதம்தான். அவள் உருக்கிய உலோகம் எதிலும் சொல்லும்படியாக ஒன்றும் வரவில்லை. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். "அண்ணே, இந்தத் துண்டுல ஏதாவது வரலைன்னா நான் கத்தரிக்காய் பறிக்கத்தான் போகணும்" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். கண் சிரிக்காது.

அந்தக் கடைசித் துண்டில் தனமே நாலு கம்பிகளையும் ஒட்டிக் காயவைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வியாழக்கிழமை. பதினொரு மணிக்கு ஹீலியம் வந்துவிடும் என்று போன் வந்தது. தனம் வந்த பஸ் வழியில் பஞ்சர். நான் செம்புத் தட்டைக் கம்பின் நுனியில் பொருத்தித் திருகை முடுக்கினேன். கை வழுக்கியது. நடுக் கம்பி ஒன்று பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது.

திரும்பவும் வெள்ளிப் பசை வைத்தால் நாளைக்குத்தான் காயும். ஹீலியம் போய்விடும், அடுத்தது வர இன்னும் பத்துப் பதினைந்து நாள் ஆகும். அவளுக்கோ ஒவ்வொரு நாளும் கணக்கு. எனக்கு இன்னொரு கவலையும் இருந்தது. இத்தனை வருஷத்தில் என் கையால் ஒரு கம்பிகூடப் பிய்ந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தேன். மேஜையில் பற்றவைப்புக் கோல் இருந்தது. சொருகினேன், சூடேறியது. துளி ஈயப்பற்று. இரண்டே நிமிஷம். கம்பி கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. சிம்மக்கல் கை இன்னும் போகவில்லை என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். தொட்டவர் நோட்டைப் பார்த்தேன். எழுதவில்லை.

தனம் ஓடி வந்து, "சாரிண்ணே, எல்லாம் ரெடியா?" என்றாள்.

"நீ வாரதுக்குள்ள முடிச்சாச்சு தாயி" என்றேன்.

மத்தியானம் மூன்று மணி வாக்கில் அதற்குக் கீழே குளிர முடியாத எல்லையான தனிச்சுழிக்குப் பத்து டிகிரி மேலே வரை இறங்கியிருந்தோம். இந்த டிகிரியைக் கெல்வின் என்று சொல்வார்கள். ஒன்பது, எட்டு. தடை மெதுவாகக் குறைந்துகொண்டிருந்தது. ஏழைத் தொட்டதும் திரையிலிருந்த கோடு, மாடியிலிருந்து குதித்த மாதிரி விழுந்தது. நேராகச் சுழி. தனம் நாற்காலியை விட்டு எழுந்து நின்றாள். நான் போய்ச் சாரைக் கூட்டி வந்தேன்.

சார் குனிந்து பார்த்தார். சூடாக்கச் சொன்னார். ஏழைத் தாண்டியதும் தடை திரும்ப வந்தது. குளிரவைக்கச் சொன்னார், மறுபடி விழுந்தது. கம்பிகளின் இணைப்பை வெளியே மாற்றிப் போட்டுப் பார்த்தார். அப்போதும் விழுந்தது. கண்ணாடியைக் கழற்றினார், துடைக்கவில்லை. "அப்படியா!" என்றார். நான் கேள்விப்பட்டு மட்டும் இருந்த அந்த அப்படியா அதுதான். "ஏழு ரொம்ப அதிகம்மா. இந்த வகையில பெரும்பாலும் ரெண்டுக்குக் கீழதான் வரும். அடுத்த ஹீலியத்துல காந்தப் புலம் போட்டுப் பாப்போம். அதுவரைக்கும் வெளிய பேச வேணாம்" என்றார். பிறகு, வெளியே பேச வேண்டாம் என்று சொன்ன அவரே கேண்டீனில் எல்லாருக்கும் வடை வாங்கிக் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமையும் அறை கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. சாயங்காலம் கிளம்பும்போது சுவரில் ஒரு படம் கண்ணில் பட்டது. எந்தெந்தத் தனிமம் எத்தனை கெல்வினில் மீகடத்தி ஆகும் என்ற பட்டியல். சுவரில் ஓதம் ஏறிய இடத்தை மறைக்க நான்தான் ஒட்டியிருந்தேன். அதற்கு மேல் அதை நான் படித்ததே இல்லை. அன்றைக்கு ஏனோ படித்தேன். அலுமினியம், ஒன்று சொச்சம். வெள்ளீயம், மூன்று சொச்சம். அதற்குக் கீழே ஈயம்: ஏழு சொச்சம்.

ஈயப்பற்று என்பது வெள்ளீயமும் ஈயமும்தானே. துண்டை வெளியே எடுத்து உருப்பெருக்கியில் வைத்துப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தேன். நான் கச்சிதம் என்று மெச்சிய துளி, துண்டின் ஓரமாக வழிந்து மயிரிழையாகப் போய்ப் பக்கத்திலிருந்த மற்ற நடுக் கம்பியையும் தொட்டிருந்தது. மின்னழுத்தம் அளப்பதே அந்த இரண்டுக்கும் நடுவில்தான். ஏழு கெல்வினில் மீகடத்தி ஆனது தனத்தின் உலோகம் இல்லை, என் ஈயம். எடுத்ததை எடுத்த மாதிரியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். சாப்பிடவில்லை.

சனிக்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். அங்கே தனத்தின் அப்பா நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டு, காலடியில் ஒரு மூட்டை கத்தரிக்காய். வெளியே பேச வேண்டாம் என்றதை மகள் வீட்டோடு நிறுத்திக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான்.

"அண்ணே, பிள்ளை என்னமோ பெருசாக் கண்டுபுடிச்சிருச்சாம்ல? எனக்கு ஒண்ணும் புரியலை. ஆனா ஆறு வருஷத்துல நேத்துத்தான் வீட்டுல ரெண்டு தோசை கூடக் கேட்டு வாங்கித் தின்னுச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க கிட்ட ஒரு வருஷம் பொறுங்கன்னு சொல்லிட்டேன்."

"சந்தோசம்ண்ணே" என்றேன். வேறு என்ன சொல்வது? கத்தரிக்காயில் பாதியை என் வண்டியில் கட்டிவிட்டார். அவ்வளவையும் வீட்டில் இறக்கியபோது, "யாருக்கு என்ன செஞ்சீங்கன்னு இம்புட்டுக் காய் குடுத்தாங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அறையைத் திறந்தேன். இதைச் சொல்ல எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நான் ஒப்புக்கொள்ளப் போகவில்லை. ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் வெள்ளிப் பசை வைத்துவிடலாம் என்றுதான் போனேன். அடுத்த தடவை அளந்தால் ஒன்றும் விழாது. துண்டு காற்றுப் பட்டுக் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். சீரியம் கெட்டுப்போகிற சாதிதான், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். என் பெயர் கெடாது.

சுரண்டும் ஊசியைக் கையில் எடுத்துவிட்டேன். உருப்பெருக்கியில் கண்ணையும் வைத்துவிட்டேன். அப்போதுதான் அதற்குப் பிறகு நடக்கப்போவது மனதில் ஓடியது. தனம் அதே உலோகத்தைத் திரும்ப உருக்குவாள். வராது. அளவைக் கொஞ்சம் மாற்றி உருக்குவாள், வராது. தன் கண்ணால் பார்த்தது அல்லவா? விடமாட்டாள். ஆய்வேட்டின் கெடு போய்விடும், வந்த மாப்பிள்ளையும் போய்விடுவான். சாரும் ஓய்வு பெற்ற பிறகு தள்ளாத வயதில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அதையே தேடுவார். எங்கேயும் இல்லாத ஒன்றை இரண்டு பேரும் ஆயுசு முழுக்கத் தேடுவார்கள். நான் தினமும் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டு நிற்பேன்.

ஊசியைக் கீழே வைத்தேன். தொட்டவர் நோட்டை எடுத்து வியாழக்கிழமைப் பக்கத்தைப் புரட்டினேன். 'காலை பத்தேகால் மணி. நடுக் கம்பி என் கையால் பிய்ந்தது. ஈயப்பற்று வைத்தேன். அது வழிந்து பக்கத்துக் கம்பியைத் தொடுகிறது. சொல்லாமல் மறைத்தேன். முருகேசன்.' ரேடியோக் கடையிலிருந்து ஓய்வு வரை நான் எழுதியதிலேயே நீளமான எழுத்து அதுதான்.

ஞாயிறானாலும் சார் ஒரு எட்டு வந்து நோட்டைப் பார்ப்பது வழக்கம். வந்தார். நின்றபடியே படித்தார். கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தார். அப்படியா என்று சொல்லவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"தனத்துக்குப் போன் போடுய்யா" என்றார்.

"சார், நானே சொல்றேன்."

"நீதான் சொல்லணும்."

தனம் வந்து கேட்டாள். அழவில்லை, கத்தவுமில்லை. உருப்பெருக்கியில் பார்த்தாள். நிமிர்ந்து, "சரிங்க சார்" என்றாள் என்னைப் பார்த்து. ஆறு வருஷமாக அண்ணே என்று கூப்பிட்ட பிள்ளை. அன்றைக்கு நாலு அறை வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

நான் ஈயத்தைச் சுரண்டிவிட்டுப் புதிதாக ஒட்டத் தயாரானேன். சார் தடுத்துவிட்டார். "எழுதினாப் போதாது. பாத்தாலும் போதாது. ஈயம்தான்னு அளந்து காட்டணும்" என்றார். அடுத்த ஹீலியம் வந்தது. அதே துண்டு, அதே ஈயம், அதே ஏழு கெல்வின், அதே விழுகை. காந்தப் புலத்தை ஏற்றும் குமிழை என் கையில் கொடுத்தார்கள். கனத்த எலெக்ட்ரான்களின் மீகடத்தல் லேசில் பணியாது, பெரிய புலத்தையும் தாங்கும். ஈயம் அப்படியில்லை. குமிழைக் கொஞ்சம்தான் திருகினேன். சுழியில் படுத்திருந்த தடை எழுந்து பழைய இடத்துக்கே வந்து நின்றுவிட்டது. மூன்று பேருமே எதிர்பார்த்ததுதான். "நல்லவேளை" என்றாள் தனம். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, நான் கேட்கவும் இல்லை.

பிறகு அவளே வெள்ளிப் பசை வைத்தாள். பசை காயும்வரை அந்தத் தட்டை யாரும் தொடாமல் நான் காவல் இருந்தேன், நான் உட்பட. அடுத்த அளவையில் ஏழில் ஒன்றும் விழவில்லை. நாலு கெல்வினுக்குப் பக்கத்தில் கோடு லேசாக முழங்கையை மடக்கியதுபோல் ஒரு வளைவு காட்டியது. அதுவரை ஈயம் மறைத்துவைத்திருந்த வளைவு அது. குட்டிக் காந்தங்கள் வரிசை கட்டும் இடம். அந்த வளைவு காந்தப் புலத்தோடு எப்படி நகர்கிறது என்பதை இரண்டு மாதத்தில் விழுந்து விழுந்து அளந்து, கெடுவுக்கு நாலு நாள் முன்னால் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒவ்வொரு புள்ளியும் நிஜம்.

வாய்மொழித் தேர்வு நன்றாக நடந்தது. தேர்வாளர் எத்தனையோ கேட்டார், தனம் எல்லாவற்றுக்கும் நின்று பதில் சொன்னாள். முடிந்ததும் அவள் அப்பா ஜிலேபிப் பெட்டியோடு எல்லாரையும் துரத்திக்கொண்டிருந்தார். நானும் சாரும் வராந்தா ஓரமாக ஒதுங்கி நின்றோம். அடுத்த வாரம் அவருக்கு ஓய்வு. அந்த முப்பது வருஷத் தேடலில் ஒன்றும் கிடைக்காமலே போகிறார்.

"சார், என்னை மன்னிச்சிருங்க. இல்லாததைக் காட்டி உங்களை ஏமாத்திட்டேன்."

அவர் ஜிலேபியை நிதானமாகப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"வியாழன், வெள்ளி, சனி" என்றார். "அந்த மூணு நாளும் நான் எப்படி இருந்தேன் தெரியுமாய்யா? காலையில எந்திரிச்சதும், அட, கெடச்சிருச்சேன்னு ஒரு நெனப்பு வரும் பாரு. எங்க வீட்டுல, உங்களுக்கு என்ன ஆச்சு, பாத்ரூம்ல பாட்டெல்லாம் கேக்குதுன்னாங்க."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"தப்புதான், நீ செஞ்சது. சொன்னது சரி. ஆனா முருகேசு," என்று குரலைத் தாழ்த்திக்கொண்டு, தனம் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார், "இன்னும் ரெண்டு நாள் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்யா."